டெக்சாஸ் லெப்டினன்ட் கவர்னர் தேர்தல்: முதல்முறை ஓட்டுப் போடுபவருக்கு முழுமையான வழிகாட்டி

டெக்சாஸில் 2026 நவம்பர் 3 அன்று ஓட்டுச்சாவடிக்குப் போனால், கவர்னர் பதவிக்கு அடுத்தபடியாக லெப்டினன்ட் கவர்னர் என்று ஒரு பதவி திரையில் வரும். ஃப்ரிஸ்கோ, ப்ளேனோ, இர்விங், சுகர்லேண்ட், கேட்டி, ரவுண்ட் ராக் பக்கம் குடியேறி, பல வருஷம் காத்திருந்து சிட்டிசன்ஷிப் வாங்கிய நம் ஆட்கள் பலருக்கும் கவர்னர் யார் என்று தெரியும், இந்த இரண்டாவது ஆளைத் தெரியாது. "துணைப் பதவிதானே" என்று கட்சியைப் பார்த்துத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், இல்லை அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வீட்டு வரி, பள்ளிக்கூட நிதி, எந்த மசோதா ஓட்டெடுப்புக்கு வரும், எது கமிட்டியில் அப்படியே கிடந்து காலாவதியாகும் என்பதையெல்லாம் இந்த மாநிலத்தில் கவர்னரைவிட அதிகமாகத் தீர்மானிப்பவர் லெப்டினன்ட் கவர்னர்தான் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று இதில் எங்கேயும் சொல்லப்போவதில்லை. எப்படிப் போடுவது, போடுவதற்கு முன் எதைப் பார்ப்பது, அவ்வளவுதான்.

படி 1: பதவியைப் புரிந்துகொள்ளுங்கள்

புதுச்சேரியில் நாம் பார்த்த துணைநிலை ஆளுநரை மனசில் வைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள். அவர் குடியரசுத் தலைவர் நியமிப்பவர். இவர் மாநிலம் முழுக்க மக்கள் போடும் ஓட்டில் நாலு வருஷத்துக்கு வருபவர், எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம், வரம்பு கிடையாது. பில் ஹாபி 1973-லிருந்து 1991 வரை பதினெட்டு வருஷம் இருந்தார். இப்போதிருக்கும் டான் பேட்ரிக் 2015 ஜனவரியிலிருந்து இருக்கிறார். சம்பளத்தைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், வருஷத்துக்கு 7,200 டாலர்.

கவர்னரும் இவரும் ஒரே ஜோடியாக நிற்பதில்லை, இது முக்கியம். ஜனாதிபதி தேர்தலில் ஒரே ஓட்டு துணை ஜனாதிபதிக்கும் சேர்த்துப் போய்விடும். டெக்சாஸில் இரண்டும் தனித்தனி ஓட்டு, எனவே இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே நேரத்தில் இந்த இரண்டு நாற்காலியிலும் உட்காரலாம். 1995 முதல் 1999 வரை அப்படித்தான் இருந்தது: கவர்னர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் குடியரசுக் கட்சி, லெப்டினன்ட் கவர்னர் பாப் புல்லக் ஜனநாயகக் கட்சி. வாக்காளர்கள் இரண்டையும் பிரித்துப் பார்ப்பதும் உண்டு. 2018-இல் கவர்னர் கிரெக் அபாட் சுமார் 13 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே நாளில் அதே கட்சியின் பேட்ரிக், ஜனநாயகக் கட்சியின் மைக் காலியரை ஜெயித்தது சுமார் 5 புள்ளியில்.

சரி, அதிகாரம் எங்கிருந்து வருகிறது? மாநில அரசியல் சாசனத்தைப் புரட்டினால் பெரிதாக ஒன்றும் இருக்காது. செனட்டின் தலைவர், ஓட்டு சமமானால் முடிவு ஓட்டுப் போடலாம், கவர்னர் மாநிலத்தில் இல்லாதபோது அவர் பொறுப்பைக் கவனிப்பார், கவர்னர் பதவி காலியானால் அதில் ஏறுவார். இந்தக் கடைசி விஷயம் நடந்திருக்கிறது: புஷ் ஜனாதிபதி தேர்தலில் வென்றதும், 2000 டிசம்பரில் லெப்டினன்ட் கவர்னராக இருந்த ரிக் பெர்ரி கவர்னரானார். காலியான லெப்டினன்ட் கவர்னர் இடத்துக்கு செனட்டர்களே தங்களுக்குள் ஓட்டெடுத்து பில் ராட்லிஃபைத் தேர்ந்தெடுத்தார்கள்.

உண்மையான பலம் செனட்டின் விதிமுறைகளில் இருக்கிறது. மொத்தம் 31 செனட்டர்கள். எந்த செனட்டர் எந்தக் கமிட்டிக்குத் தலைவர் என்று நியமிப்பவர் லெப்டினன்ட் கவர்னர். வரும் மசோதா எந்தக் கமிட்டிக்குப் போகும் என்பது அவர் முடிவு, பிடிக்காத மசோதாவை அதைச் சீண்டவே சீண்டாத தலைவரிடம் அனுப்பினால் கதை முடிந்தது. சபையில் யாரைப் பேச அழைப்பது என்பதும் அவர் கையில். இதற்கெல்லாம் மேலே, மாநிலச் செலவுகளுக்கு அடித்தளம் போடும் சட்டமன்ற பட்ஜெட் வாரியத்துக்கு இவரும் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகரும் கூட்டுத் தலைவர்கள். 2025-இல் நிறைவேறிய இரண்டு வருஷ பட்ஜெட் சுமார் 33,800 கோடி டாலர். அதன் வரைவு தொடங்கும் இடத்திலேயே இவர் இருக்கிறார்.

ஒரு சின்ன விவரத்தைக் கிட்டத்தில் பார்த்தால் இந்த அதிகாரம் எப்படி வேலைசெய்கிறது என்று புரியும். செனட்டின் வரிசைப் பட்டியலில் முதல் இடத்தில் ஒரு மசோதாவைப் போட்டு வைப்பார்கள், பெரும்பாலும் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) பூங்காக்களை அழகுபடுத்துவது மாதிரி யாருக்கும் சண்டையில்லாத ஒன்று. அதை நிறைவேற்றும் எண்ணம் யாருக்கும் கிடையாது. வழியை அடைப்பதற்காகவே அது அங்கே கிடக்கிறது, அதனால் பிளாக்கர் மசோதா என்பார்கள். அதைத் தாண்டி வேறு மசோதாவை எடுக்க வேண்டுமென்றால் வரிசையை மீறிப் போக அனுமதி வேண்டும், அந்த அனுமதிக்கு எத்தனை செனட்டர் என்பதுதான் சிறுபான்மைக் கட்சியின் உயிர்நாடி. பல பத்தாண்டுகளாக மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 21 பேர் என்று இருந்தது. பேட்ரிக் வந்ததும் 2015-இல் அது ஐந்தில் மூன்று பங்காகி 19 ஆனது. 2020 தேர்தலில் குடியரசுக் கட்சியின் பலம் 18 ஆகக் குறைந்ததும், 2021-இல் ஒன்பதில் ஐந்து பங்கு என்று மாற்றி 18 ஆக்கினார்கள். சாசனத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை, செனட் விதி மட்டும்தான் மாறியது, ஆனால் எதிர்க்கட்சி எதையும் தடுக்க முடியாத நிலை வந்துவிட்டது.

தலைமை நாற்காலியில் இருப்பவர் இந்த விதிகளோடு மல்லுக்கட்டியது புதிதல்ல. 1979 மே மாதம் ஹாபி, ஜனாதிபதி பிரைமரியை (கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலை) தனியாக முன்கூட்டி நடத்தும் மசோதாவை அந்த மூன்றில் இரண்டு பங்கு வழக்கத்தைச் சுற்றிக்கொண்டு கொண்டுவரப் பார்த்தார். பன்னிரண்டு செனட்டர்கள் கோரம் (சபை நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) கிடைக்காமல் செய்வதற்காகத் தலைமறைவாகிவிட்டார்கள், அவர்களில் பலர் ஆஸ்டினிலேயே ஒரு கராஜை ஒட்டிய சின்ன வீட்டுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தேடிப்போன டெக்சாஸ் ரேஞ்சர்கள் (மாநிலப் போலீஸார்) ஒரு செனட்டரைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்துப் பிடித்து வந்தது அவருடைய சகோதரரை. கடைசியில் ஹாபிதான் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அவர் அந்தப் பன்னிரண்டு பேருக்கு வைத்த கில்லர் பீஸ் (கொலைகாரத் தேனீக்கள்) என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

இதே பதவி எல்லா மாநிலத்திலும் இவ்வளவு கனமானதில்லை. வர்ஜீனியாவில் 2025 நவம்பரில் வென்ற கஸாலா ஹாஷ்மி ஹைதராபாத்தில் பிறந்தவர், அங்கே 40 பேர் செனட்டுக்குத் தலைமை தாங்கி ஓட்டு சமமானால் முடிவுசெய்வதுதான் அவருடைய முக்கிய வேலை. மேரிலாந்தின் அருணா மில்லரும் ஹைதராபாத்தில் பிறந்தவர்தான், 2022-இல் கவர்னர் வேட்பாளரோடு ஒரே ஜோடியாக நின்று வந்தார். டென்னசியிலும் மேற்கு வர்ஜீனியாவிலும் இதற்கென்று மக்கள் ஓட்டே கிடையாது, செனட் தலைவரே அந்தப் பட்டத்தையும் வைத்துக்கொள்கிறார். மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், ஆரிகன், வயோமிங்கில் பதவியே இல்லை. எனவே வேறு மாநிலத்திலிருந்து டெக்சாஸுக்கு மாறி வந்தவர்கள் அங்கே பார்த்த அளவுகோலை இங்கே வைக்க வேண்டாம்.

படி 2: உங்களுக்கு ஓட்டுரிமை இருக்கிறதா?

அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், தேர்தல் நாளில் 18 வயது ஆகியிருக்க வேண்டும், பதிவுசெய்யும் கவுண்டியில் வசிக்க வேண்டும், பெருங்குற்றத் தண்டனையில் இருக்கக்கூடாது (புரொபேஷன், பரோல் காலமும் தண்டனைக் காலம்தான்), ஓட்டுப் போடும் மனநிலை இல்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்திருக்கக்கூடாது.

இதில் முதல் நிபந்தனையை அழுத்திச் சொல்கிறேன். கிரீன் கார்டு, எச்-1பி, எச்-4, எதில் இருந்தாலும் ஓட்டுரிமை இல்லை. இருபது வருஷம் வரி கட்டியிருந்தாலும் இல்லை. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போகும்போது கவுண்டரில் இருப்பவர் "வாக்காளராகப் பதிவுசெய்கிறீர்களா" என்று கேட்பார், விண்ணப்பத்திலும் அந்தக் கட்டம் இருக்கும். பழக்கதோஷத்தில் ஆமாம் என்று டிக் அடித்துவிடாதீர்கள். குடிமகன் என்று தவறாகச் சொல்லிக்கொள்வது நாடு கடத்துவதற்கே காரணமாகக்கூடிய விஷயம், பின்னால் "தெரியாமல் செய்தேன்" என்பது சுலபமாக எடுபடாது. வீட்டில் கிரீன் கார்டோடு இருக்கும் அப்பா அம்மாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள், முக்கியமாக அவர்களுக்காக நீங்கள் படிவம் நிரப்பும்போது.

படி 3: பதிவு செய்யுங்கள்

டெக்சாஸில் புதிதாக ஆன்லைனில் வாக்காளர் பதிவு செய்ய முடியாது. லைசென்ஸைப் புதுப்பிக்கும்போதோ முகவரி மாற்றும்போதோ மாநில இணையதளத்தில் சேர்த்துச் செய்துகொள்ளலாம், அது மட்டும்தான் விலக்கு. மற்றபடி தாள் படிவம், கையெழுத்து, தபால்தலை. தபால் நிலையம், நூலகம், கவுண்டி அலுவலகம் எங்கும் படிவம் கிடைக்கும், இணையத்தில் நிரப்பி அச்செடுத்தும் அனுப்பலாம். நிரப்பி முடித்துத் திரையில் ஒரு பக்கம் வந்ததும் பதிவாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பும்வரை எதுவும் நடக்கவில்லை.

கடைசி நாள், தேர்தலுக்கு 30 நாள் முன்பு. இந்த வருஷம் அது ஞாயிற்றுக்கிழமையில் விழுவதால் அக்டோபர் 5, திங்கள். அன்றைய தபால் முத்திரை இருந்தால் போதும், ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள். சிட்டிசன்ஷிப் உறுதிமொழி விழாக்களில் வெளியே மேசை போட்டுத் தன்னார்வலர்கள் பலமுறை படிவத்தோடு நிற்பார்கள், அங்கேயே முடித்துவிடுவது நல்லது.

புதுக் குடிமக்கள் இன்னொரு காரியமும் செய்ய வேண்டும்: லைசென்ஸ் அலுவலகத்திலும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்திலும் உங்கள் குடியுரிமை நிலையை மாற்றிவிடுங்கள். 2019 ஜனவரியில், தேர்தல்களை மேற்பார்வையிடும் மாநிலச் செயலர் அலுவலகம், குடிமக்கள் அல்லாதவர்களாக இருக்கலாம் என்று சுமார் 95,000 வாக்காளர்களைப் பட்டியல் போட்டுக் கவுண்டிகளுக்கு அனுப்பியது. லைசென்ஸ் எடுத்தபோது விசாவிலோ கிரீன் கார்டிலோ இருந்து பின்னர் முறையாகக் குடியுரிமை பெற்றவர்கள் அந்தப் பட்டியலில் ஏராளமாக மாட்டிக்கொண்டார்கள். வழக்கு நடந்து கடைசியில் பட்டியலைக் கைவிட்டார்கள். அந்தச் செயலருடைய நியமனத்துக்கு செனட்டின் ஒப்புதல் தேவைப்பட்டது, அதற்கு மட்டும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கிடைக்கவில்லை, மே மாதம் அவர் பதவி விலகினார். இப்படி ஏதாவது கடிதம் கவுண்டியிலிருந்து வந்தால் குப்பையில் போடாதீர்கள். 30 நாளுக்குள் குடியுரிமைச் சான்றைக் காட்டாவிட்டால் பெயரை நீக்கிவிடலாம்.

பதிவானதும் ஒரு அட்டை தபாலில் வரும். மாநிலச் செயலரின் இணையதளத்தில் பெயர், பிறந்த தேதி, கவுண்டி கொடுத்தும் பார்த்துக்கொள்ளலாம். வீடு மாறினால் மறுபடி புதுப்பிக்க வேண்டும், கவுண்டி மாறினால் புதுப் பதிவே செய்ய வேண்டும்.

படி 4: பிரைமரியைத் தவறவிடாதீர்கள்

நிறையப் பேர் நவம்பரில்தான் விழித்துக்கொள்கிறார்கள். மாநிலம் தழுவிய எந்தப் பதவியையும் ஜனநாயகக் கட்சி 1994-க்குப் பிறகு டெக்சாஸில் வென்றதில்லை. அந்தக் கட்சியிலிருந்து லெப்டினன்ட் கவர்னராகக் கடைசியாக அந்த வருஷம் வென்றவர் புல்லக். அதனால் பல தேர்தல்களில் உண்மையான போட்டி குடியரசுக் கட்சி பிரைமரியிலேயே முடிந்துவிடுகிறது. இந்த வருஷம் பிரைமரி மார்ச் 3, அதில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காத இடங்களுக்கு ரன்ஆஃப் (முதல் இரண்டு பேருக்கு இடையே மறு ஓட்டெடுப்பு) மே 26.

2014-ஐப் பாருங்கள். பதினோரு வருஷமாகப் பதவியில் இருந்த டேவிட் டூஹர்ஸ்ட், மார்ச் பிரைமரியில் நாலு பேர் போட்டியில் பேட்ரிக்குக்குப் பின்தங்கி இரண்டாவதாக வந்தார். மே ரன்ஆஃபில் பேட்ரிக் ஏறக்குறைய 65-க்கு 35 என்று அவரை வீழ்த்தினார். அந்த ரன்ஆஃபில் விழுந்த ஓட்டு மொத்தம் ஏழரை லட்சம், மாநிலத்தில் அப்போது பதிவான வாக்காளர்கள் 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேல். இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு "என் ஒரு ஓட்டில் என்ன வந்துவிடப் போகிறது" என்று யோசித்துப் பாருங்கள். மே மாதத்து வெயிலில் ஒரு ரன்ஆஃபுக்குப் போய் நிற்பவரின் ஓட்டுக்கு நவம்பர் ஓட்டைவிடப் பலமடங்கு கனம்.

டெக்சாஸில் கட்சியில் பதிவுசெய்துகொள்ளும் முறை இல்லை. பிரைமரி அன்று சாவடியில் எந்தக் கட்சியின் ஓட்டுச்சீட்டு வேண்டும் என்று கேட்பார்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். மார்ச்சில் ஒரு கட்சியில் போட்டுவிட்டு மே ரன்ஆஃபில் மற்ற கட்சிக்குத் தாவ முடியாது. மார்ச்சில் எதிலும் போடாதவர் ரன்ஆஃபில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். நவம்பரில் இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது, அங்கே ரன்ஆஃபும் கிடையாது, அதிக ஓட்டு வாங்கியவர் வென்றவர்.

படி 5: வேட்பாளரை எடைபோடுங்கள்

டிவி விளம்பரமும் தபாலில் வரும் பளபளப்பு அட்டைகளும் இதற்கு உதவாது. நான் பார்ப்பவை வேறு.

மசோதா எண். செனட்டில் முதல் இருபது முப்பது எண்களை லெப்டினன்ட் கவர்னர் தன் முன்னுரிமைகளுக்காக ஒதுக்கி வைப்பது வழக்கம், எனவே குறைந்த எண் இருந்தாலே அது அவருக்கு வேண்டிய விஷயம் என்று அர்த்தம். 2025-இல் எஸ்பி 2 (எஸ்பி என்றால் செனட் மசோதா) தனியார் பள்ளிச் செலவுக்கு அரசு பணம் தரும் திட்டம், எஸ்பி 3 டிஎச்சி (கஞ்சாச் செடியில் போதை தரும் பொருள்) கலந்த பொருட்களுக்குத் தடை. முதலாவது சட்டமானது. இரண்டாவது இரண்டு சபைகளிலும் நிறைவேறி, ஜூன் 22 அன்று கவர்னர் அபாட் அதை வீட்டோ செய்தார். ஒரே கட்சிக்காரர்களுக்குள் எங்கே உரசல் என்பது இதில் தெரிகிறது. சட்டமன்ற இணையதளத்தில் எண்ணைப் போட்டால் எந்தத் தேதியில் எந்தக் கமிட்டிக்குப் போனது, எங்கே நின்றது என்று வரிசையாக வரும். உங்களுக்குக் கவலை தரும் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டு வரியோ குழந்தையின் பள்ளியோ, அதைப் பற்றிய மசோதாக்கள் என்ன ஆயின என்று தேடுங்கள். அரை மணி நேரத்தில் தேர்தல் மேடைப் பேச்சுகள் தராத தெளிவு கிடைக்கும்.

வீட்டு வரியைப் பொறுத்தவரை, குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு பள்ளி வரியில் கிடைக்கும் ஹோம்ஸ்டெட் விலக்கு 2023-இல் 1,00,000 டாலராகவும் 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1,40,000 டாலராகவும் உயர்ந்தது. 2023-இல் எப்படிக் குறைப்பது என்பதில் செனட்டும் பிரதிநிதிகள் சபையும் மாதக்கணக்கில் மோதின, விலக்கை உயர்த்த வேண்டும் என்று நின்றது பேட்ரிக்கின் செனட். நல்லதா கெட்டதா என்பது அவரவர் கணக்கு, ஆனால் அந்தப் பேரத்தில் உட்கார்ந்தவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் நாற்காலியில் நடந்துகொண்ட விதம். 2013 ஜூன் 25 அன்று கருக்கலைப்புக் கட்டுப்பாட்டு மசோதாவைத் தடுக்க செனட்டர் வெண்டி டேவிஸ் சுமார் பதினோரு மணி நேரம் நின்றபடி பேசினார். உட்காரக்கூடாது, சாயக்கூடாது, தலைப்பை விட்டு விலகக்கூடாது, மூன்று முறை மீறினால் பேச்சு நிறுத்தப்படும். மூன்றாவது மீறல் என்று தலைமையில் இருந்த டூஹர்ஸ்ட் தீர்ப்பளித்ததும் பார்வையாளர் மாடத்தில் எழுந்த கூச்சலில் ஓட்டெடுப்பு நள்ளிரவைத் தாண்டிவிட்டது, மசோதா செல்லாமல் போனது. அடுத்த சிறப்புக் கூட்டத்தில் அதை நிறைவேற்றிவிட்டார்கள் என்றாலும், அன்றிரவு சபையைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை என்ற விமர்சனம் அடுத்த வருஷ பிரைமரி வரை டூஹர்ஸ்ட்டைத் துரத்தியது. எனவே வேட்பாளர் புதியவராக இருந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: எதிர்க்கட்சி செனட்டர்களுக்கு கமிட்டித் தலைமை தருவாரா, ஓட்டெடுப்பு வரம்பு 18 என்றே இருக்குமா? விவாதங்களில் இதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் மற்ற எல்லாப் பதிலும் இதைப் பொறுத்தது.

பணம். டெக்சாஸில் இந்தப் பதவிக்கு நிற்பவருக்குத் தனிநபர் எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு உச்சவரம்பே இல்லை. நிறுவனங்கள் நேரடியாகக் கொடுக்கக்கூடாது, அவ்வளவுதான். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது டெக்சாஸ் எதிக்ஸ் கமிஷன் இணையதளத்தில் இருக்கும்: ஜனவரி 15, ஜூலை 15, தேர்தலுக்கு 30 நாள் முன்பு, 8 நாள் முன்பு என்று கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். 2023 ஜூலைக் கணக்கில் பேட்ரிக்குக்கு டிஃபெண்ட் டெக்சாஸ் லிபர்ட்டி என்ற அமைப்பிடமிருந்து 10 லட்சம் டாலர் நன்கொடையும் 20 லட்சம் டாலர் கடனும் வந்தது தெரிந்தது. அந்த அமைப்பு அட்டர்னி ஜெனரல் (மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர்) கென் பாக்ஸ்டனுக்கு ஆதரவானது, அதே வருஷம் செப்டம்பரில் பாக்ஸ்டன் மீதான பதவிநீக்க விசாரணைக்கு நீதிபதி இடத்தில் அமர்ந்தவர் பேட்ரிக். சட்டப்படி இதில் தவறில்லை. தீர்ப்புச் சொன்னவர்களும் செனட்டர்கள்தான், பாக்ஸ்டனைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். ஆனாலும் ஒரு வாக்காளராக இதை நான் தெரிந்துகொள்ள விரும்புவேன், எந்தக் கட்சி வேட்பாளராக இருந்தாலும்.

படி 6: ஓட்டுப் போடும் நாள்

முன்கூட்டி ஓட்டு அக்டோபர் 19 முதல் 30 வரை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் வசதி, முதல் வார நடுவில் மதிய நேரம் போனால் கூட்டம் இருக்காது. நவம்பர் 3 அன்று காலை 7 முதல் இரவு 7 வரை, 7 மணிக்கு வரிசையில் நின்றுவிட்டால் எவ்வளவு நேரமானாலும் போட விட வேண்டும். பெரிய கவுண்டிகள் பலவற்றில் எந்த மையத்திலும் போடலாம், சிலவற்றில் உங்கள் பகுதிச் சாவடியில்தான். கவுண்டித் தேர்தல் அலுவலகத் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடையாள அட்டை: டெக்சாஸ் லைசென்ஸ் அல்லது மாநில அடையாள அட்டை, அமெரிக்க பாஸ்போர்ட், படத்தோடு கூடிய குடியுரிமைச் சான்றிதழ், ராணுவ அட்டை, கைத்துப்பாக்கி உரிமம், தேர்தல் அடையாளச் சான்று, இந்த ஏழில் ஒன்று. 70 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு காலாவதியாகி நாலு வருஷம் வரை செல்லும். ஓசிஐ அட்டை, இந்திய பாஸ்போர்ட், கல்லூரி அட்டை எதுவும் செல்லாது.

நம் பெயர்ப் பிரச்சினை இங்கேதான் வரும். அப்பா பெயர் கடைசிப் பெயராக ஒரு ஆவணத்தில், இனிஷியல் மட்டும் இன்னொன்றில், பாஸ்போர்ட்டில் இருந்த நீளப் பெயர் லைசென்ஸில் வெட்டுப்பட்டு, கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் சேர்ந்து என்று ஏதாவது ஒன்று பொருந்தாமல் இருக்கும். பெயர்கள் பெருமளவு ஒத்திருந்தால் போதும், நான்தான் அவர் என்று ஒரு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வழக்கமான ஓட்டே தருவார்கள். யாராவது தயங்கினால் அந்த மையத்தின் பொறுப்பாளரான தேர்தல் நீதிபதியைக் கூப்பிடச் சொல்லுங்கள், விட்டுவிட்டு வீட்டுக்கு வராதீர்கள்.

சாவடிக்குள் போன் எடுக்கக்கூடாது, 100 அடிக்குள் வேட்பாளர் பெயர் போட்ட தொப்பி, டீஷர்ட் கூடாது. ஆனால் தாளில் எழுதிக் கொண்டுபோகலாம், கண்டிப்பாகக் கொண்டுபோங்கள். ஓட்டுச்சீட்டு நீளமானது, அமெரிக்க செனட், காங்கிரஸ், கவர்னர், லெப்டினன்ட் கவர்னர் என்று தொடங்கி பக்கம் பக்கமாக நீதிபதிகள் வரை போகும். ஒரே பொத்தானில் மொத்தக் கட்சிக்கும் போடும் வசதியை 2020 தேர்தலிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஒவ்வொன்றாகத்தான் தொட வேண்டும். முடிந்ததும் பல கவுண்டிகளில் தாள் ஒன்று அச்சாகி வரும். அதில் உள்ள பெயர்களைப் படித்துச் சரிபார்த்த பிறகே ஸ்கேனரில் விடுங்கள், தப்பாக இருந்தால் புதுச் சீட்டு கேட்கலாம்.

குடியுரிமை பெற்ற வயதான பெற்றோருக்கு இரண்டு விஷயம். 65 வயது ஆனவர்கள் தபாலில் போடலாம், விண்ணப்பம் அக்டோபர் 23-க்குள் கவுண்டிக்குப் போய்ச் சேர வேண்டும். விண்ணப்பத்திலும் உறையிலும் லைசென்ஸ் எண்ணையோ சோஷியல் செக்யூரிட்டி கடைசி நாலு எண்ணையோ எழுத வேண்டும், பதிவில் எது இருக்கிறதோ அதோடு பொருந்த வேண்டும். நான் இரண்டையுமே எழுதச் சொல்வேன். இந்த விதி வந்த புதிதில், 2022 மார்ச் பிரைமரியில், தபால் ஓட்டுகளில் சுமார் 12 சதவீதம் நிராகரிக்கப்பட்டன. இரண்டாவது, நேரில் போனால் தமிழ் ஓட்டுச்சீட்டு கிடையாது, ஆங்கிலம் கஷ்டம் என்றால் தனக்கு வேண்டிய ஒருவரை உதவிக்கு அழைத்துப் போகும் உரிமை மத்தியச் சட்டத்தில் இருக்கிறது, முதலாளியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ மட்டும் கூடாது. 2014-இல் வில்லியம்சன் கவுண்டியில் வங்காளம் பேசும் ஒரு அம்மாவுக்கு மொழிபெயர்க்க அவர் மகனை விடவில்லை, மகன் வேறு கவுண்டியில் பதிவானவர் என்பது காரணம். வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2017-இல் டெக்சாஸின் அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மகனோ மகளோ தைரியமாகக் கூடப் போகலாம். உதவிக்கு வருபவர் ஒரு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும், அம்மா சொல்வதைத்தான் தொட வேண்டும்.

படி 7: முடிவு வந்த பிறகு

அன்றிரவே டிவியில் வென்றவர் பெயர் வந்துவிடும், ஆனால் கவர்னர், லெப்டினன்ட் கவர்னர் இரண்டின் அதிகாரபூர்வ எண்ணிக்கையையும் ஜனவரியில் இரு சபைகளும் கூடி அறிவிப்பதுதான் சாசன முறை. சட்டமன்றம் 2027 ஜனவரி 12 அன்று கூடுகிறது, பதவியேற்பு அடுத்த செவ்வாய், 19-ஆம் தேதி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 140 நாள் மட்டுமே வழக்கமான கூட்டம், மே 31 அன்று முடிந்துவிடும்.

அந்த ஜனவரியில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். செனட் முதல் நாட்களிலேயே விதிமுறைகளை ஓட்டுக்கு விடும். நான் முதல் படியில் சொன்ன அதிகாரம் முழுவதும் அந்த ஓட்டில்தான் மறுபடி அவர் கைக்குப் போகிறது, செனட்டர்கள் நினைத்தால் குறைக்கவும் முடியும். உங்கள் செனட்டர் எப்படி ஓட்டுப் போட்டார் என்று பாருங்கள், அவர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே போன் செய்து உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். அடுத்து, கமிட்டிப் பட்டியல். கல்வி, நிதி, ஸ்டேட் அஃபேர்ஸ் (மாநில விவகாரங்கள்) இந்த மூன்றுக்கும் யார் தலைவர் என்று தெரிந்தால் அந்தக் கூட்டத்தொடர் எந்தப் பக்கம் போகும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

கமிட்டி விசாரணைகளை வீட்டிலிருந்தே நேரலையில் பார்க்கலாம், ஆனால் செனட் கமிட்டியில் பேச வேண்டுமென்றால் ஆஸ்டினுக்கு நேரில் போக வேண்டும். கேபிட்டல் கட்டடத்தில் இருக்கும் கியோஸ்க்கில் பெயர், மசோதா எண், ஆதரவா எதிர்ப்பா என்று பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உங்கள் முறை காலை பத்துக்கும் வரலாம், இரவு பத்துக்கும் வரலாம், கிடைப்பது இரண்டு மூன்று நிமிஷம். குடியுரிமை இல்லாதவர்களும் இங்கே பேசலாம், ஓட்டுரிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பேசுவதைத் தாளில் எழுதி உறுப்பினர்களுக்குப் போதுமான பிரதிகள் எடுத்துப்போங்கள், கமிட்டி எழுத்தரிடம் கொடுத்தால் ஒவ்வொருவர் மேசையிலும் வைத்துவிடுவார்.